தனியாக இருக்கும் அம்மாவுக்கு வீடியோவில் பேச எந்த டேப்லெட் வாங்கலாம்?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு 76 வயது, கும்பகோணத்தில் தனியாக இருக்கிறார். இரண்டு கண்ணிலும் புரை அறுவை சிகிச்சை முடிந்திருக்கிறது. காது சற்று மந்தம். தமிழ் மட்டும் படிப்பார். இதுவரை பட்டன் போன்தான் பழக்கம். அண்ணன் துபாயில், நீங்கள் பெங்களூரில். முகம் பார்த்துப் பேச எளிமையான டேப்லெட் எது, இருபதாயிரம் ரூபாய்க்குள் முடியுமா, முதியோருக்கென்றே செய்த கருவிகள் எப்படி, அழைப்பு தானாகவே எடுக்கப்படும்படி செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். ஆனால் மாடலைத் தேடும் முன் எந்தச் செயலியில் பேசப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள். தீபாவளித் தள்ளுபடியில் ஏதோ ஒன்றை வாங்கி ஊருக்கு அனுப்பிவிட்டு, பெட்டியைப் பிரித்த பிறகு யோசிக்கிறவர்களே அதிகம். உங்கள் வீட்டில் சிக்கல் துபாயில் ஆரம்பிக்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் செய்தி போகும், படம் போகும். குரல் அழைப்பும் வீடியோ அழைப்பும் போகாது. அந்நாட்டு அரசு அனுமதித்த போட்டிம் போன்ற செயலிகளில்தான் பேச முடியும். இருக்கும் நாட்டை மறைத்து இணையத்துக்குள் போக உதவும் விபிஎன் போட்டுப் பேசுகிறவர்கள் அங்கே ஏராளம் என்பது எனக்கும் தெரியும். அந்நாட்டுச் சட்டத்தில் அது வம்பை விலைக்கு வாங்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமை அரட்டைக்காக அண்ணன் தன் வேலையைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

ஆகவே அண்ணனுக்குப் போட்டிம், உங்களுக்கும் ஊரில் உள்ள மற்ற உறவினர்களுக்கும் வாட்ஸ்அப். மூன்றாவதாக எதுவும் வேண்டாம். இரண்டு செயலிகளின் அழைப்புத் திரையும் வேறு வேறு மாதிரி இருப்பதால் அம்மா குழம்புகிறார் என்றால், நீங்களும் போட்டிமுக்கு மாறிவிடுங்கள். பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியவர் நீங்கள், அவர் அல்ல.

அடுத்தது சிம். வைஃபையில் மட்டும் இயங்கும் டேப்லெட் இரண்டு மூன்றாயிரம் குறைவாகக் கிடைக்கும் என்று கடையில் ஆசை காட்டுவார்கள். வாங்காதீர்கள். சிம் போடும் மாடலே வேண்டும். வைஃபை நின்றால் சிம்மில் பேசலாம் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் வாட்ஸ்அப் கணக்கு. அது ஒரு போன் எண்ணைச் சார்ந்தது. பலர் தங்கள் சொந்தக் கணக்கையே பெற்றோரின் டேப்லெட்டில் இணைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். அப்புறம் மகனுக்கு அலுவலகத்திலிருந்து வரும் அழைப்பெல்லாம் கும்பகோணத்துக் கூடத்தில் மணியடிக்கிறது. அம்மா பெயரில் ஒரு பழைய ஸ்மார்ட்போனில் கணக்குத் தொடங்கி அதோடு டேப்லெட்டை இணைக்கும் வழியும் உண்டு. ஆனால் அந்த முதன்மைப் போனைத் தொடர்ந்து 14 நாள் யாரும் பயன்படுத்தாவிட்டால் இணைந்த கருவிகள் எல்லாம் வெளியேற்றப்பட்டுவிடும். பீரோவுக்குள் கிடக்கும் போனை யார் வாரந்தோறும் எடுத்துப் பார்ப்பது? இது போதாதென்று, இத்தகைய செயலிகள் பதிவு செய்த சிம் செருகியிருக்கும் கருவியில்தான் இயங்க வேண்டும் என்று மத்திய தொலைத்தொடர்புத் துறை 2025 நவம்பரில் உத்தரவிட்டது. ஓடிபியைப் பட்டன் போனில் வாங்கி வைஃபை டேப்லெட்டில் தட்டிவிடும் பழைய உத்தியை நம்பி இனிமேல் பணம் போடக் கூடாது.

அந்த சிம் புதிய எண்ணாக இருக்கட்டும். வங்கிக் கணக்கு, ஆதார், எரிவாயு எல்லாம் இணைந்த எண் பட்டன் போனிலேயே தொடரட்டும். காரணத்தை மோசடி பற்றிச் சொல்லும்போது சொல்கிறேன். புதிய எண்ணுக்கு ரீசார்ஜ் செய்ய மறக்காதீர்கள். மூன்று மாதம் சும்மா கிடந்தால் எண் துண்டிக்கப்பட்டு வேறொருவருக்குப் போய்விடலாம். எண் போனால் அந்தக் கணக்கும் போன மாதிரிதான். டேட்டாவைப் பற்றிக் கவலை வேண்டாம். ஒரு மணி நேர வீடியோ அழைப்புக்குச் சில நூறு எம்பி செலவாகும், தினசரி 1.5 ஜிபி தரும் சாதாரணத் திட்டமே மிச்சப்படும்.

இப்போது டேப்லெட். விற்பனையாளர் பிராசஸர், பின்பக்கக் கேமரா என்று ஆரம்பிப்பார். உங்களுக்குப் பின்பக்கக் கேமரா ஒரு பொருட்டே அல்ல. 4 ஜிபி ராம், 64 ஜிபி சேமிப்பிடம், தற்போதைய ஆண்ட்ராய்டு, ஊரிலேயே சர்வீஸ் சென்டர் உள்ள நிறுவனம், இவ்வளவு போதும். பெயரே கேள்விப்படாத நிறுவனங்கள் ஏழாயிரத்துக்கு விற்கும் டேப்லெட்டுகள் வாங்கிய அன்று நன்றாகத்தான் ஓடும். வாட்ஸ்அப்பின் இரண்டு புதுப்பிப்புகளுக்குப் பிறகு, அழைப்பு மணி அடித்து ஓய்ந்த பிறகுதான் திரை விழிக்கும்.

அளவில்தான் உண்மையான தேர்வு இருக்கிறது. சாம்சங் கேலக்ஸி டேப் ஏ வரிசையை எடுத்துக்கொள்வோம். ஏ9 8.7 அங்குலம், ஏ9 பிளஸ் 11 அங்குலம். சிறியது ஏறத்தாழ 330 கிராம், பெரியது 480 கிராம். கையில் பிடித்துப் பேசுகிறவருக்குச் சிறியதுதான் சரி. அரைக் கிலோவைப் பத்து நிமிடம் பிடித்தால் மூட்டுவலி உள்ள மணிக்கட்டு மறுநாள் பதில் சொல்லும். ஆனால் உங்கள் அம்மா கையில் பிடிக்க வேண்டாம் என்பது என் கருத்து. மேசையில் ஸ்டாண்டில் நிற்கட்டும். அப்படியானால் 11 அங்குலமே வாங்குங்கள். புரை எடுத்துச் செயற்கை வில்லை வைத்தவர்களில் பெரும்பாலோருக்குத் தூரப்பார்வை தெளிவாக இருக்கும், கிட்டத்தில் உள்ளதைப் படிக்கக் கண்ணாடி வேண்டும். ஒரு கை நீளத்துக்கு அப்பால் நிற்கும் பெரிய திரையில் பேரன் முகம் கண்ணாடி இல்லாமலே ஓரளவு தெரியும். மணி அடிக்கும்போது கண்ணாடியைத் தேடி ஓட வேண்டியிருக்காது. இந்த வரிசையில் புதிய மாடல்களும் வந்திருக்கின்றன, லெனோவோவிலும் இதற்கு ஒத்தவை உண்டு. எதுவாயினும் சிம் போடும் 11 அங்குலம் உங்கள் பட்ஜெட்டின் விளிம்பில், சில சமயம் அதைச் சற்றுத் தாண்டி நிற்கும். தள்ளுபடிக் காலத்தில் பாருங்கள்.

முன்பக்கக் கேமரா எந்த விளிம்பில் இருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள். படுக்கை வசமாக நிறுத்தும்போது மேல் விளிம்பின் நடுவில் இருக்க வேண்டும். குறுகிய பக்கத்தில் கேமரா உள்ள டேப்லெட்டைப் படுக்கை வசமாக நிறுத்தினால் கேமரா ஓரத்துக்குப் போய்விடும். அம்மா திரையில் உங்களைப் பார்ப்பார், உங்களுக்கோ அவர் எப்போதும் பக்கத்து வீட்டு வாசலைப் பார்த்துப் பேசுவது போலத் தெரியும். ஏ9 பிளஸிலும் பத்தாம் தலைமுறை முதலான ஐபேடிலும் கேமரா நீளவாட்டு விளிம்பில் இருக்கிறது.

ஐபேட் என்றால் ஒரு வார்த்தை. குடும்பத்தில் எல்லோரும் ஆப்பிள் வைத்திருந்து, எல்லோரும் அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ இருந்தால் நானே ஐபேடைத்தான் சொல்வேன். அதன் கேமரா ஆள் நகர்ந்தால் தானும் தொடர்ந்து முகத்தைச் சட்டத்துக்குள் வைத்திருக்கும். 2023-இல் வந்த உதவி அணுகல் வசதியில் முழுத் திரையும் நான்கைந்து பெரிய படங்களாகச் சுருங்கிவிடும், அழைப்பு என்றால் குடும்பத்தார் முகங்கள் மட்டுமே வரும். முதியோருக்குப் பயன்படும் வசதிகளில் அது மிக நேர்த்தியானது. ஆனால் 2025-இல் வந்த அடிப்படை மாடலே வைஃபையோடு 34,900 ரூபாயில் தொடங்கியது. ஐபேடுக்கு வாட்ஸ்அப் 2025 மே மாதத்தில்தான் வந்தது, அதுவும் ஒரு போனிலுள்ள கணக்கோடு இணைந்தே இயங்குகிறது. அண்ணன் துபாயில் இருப்பதால் ஆப்பிளின் சொந்த வீடியோ அழைப்புச் செயலியான ஃபேஸ்டைமாலும் பயனில்லை. உங்களுக்கு இது பொருந்தாது.

முதியோருக்கென்றே செய்த கருவிகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அமெரிக்காவில் மாதச் சந்தாவோடு கிராண்ட்பேட் என்று ஒன்று இருக்கிறது. நார்வேக்காரர்கள் கோம்ப் என்று பழைய தொலைக்காட்சிப் பெட்டியைப் போல ஒரே ஒரு திருகு மட்டும் உள்ள கருவியைச் செய்திருக்கிறார்கள். எனக்குப் பிடித்த வடிவமைப்பு அது. இவற்றை இங்கே வாங்கி, சர்வீஸ் செய்து வைத்துக்கொள்வது நடவாத காரியம். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: ஒரே நிறுவனத்தின் சேவையை நம்பிய கருவி அந்த நிறுவனத்தின் மனம் மாறும்வரைதான். ஃபேஸ்புக் 2018-இல் கொண்டுவந்த போர்ட்டல் முதியோருக்கு அருமையாக இருந்தது; 2022-இல் பொதுமக்களுக்கு விற்பதையே நிறுத்திவிட்டார்கள். ஸ்கைப் 2025 மே 5-ஆம் தேதி மூடப்பட்டது. சாதாரண டேப்லெட்டில் ஒரு செயலி போனால் இன்னொன்றைப் போட்டுக்கொள்ளலாம்.

வாங்கியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலான வீடுகளில் இது தோற்பது அழைப்பை எடுக்கும் இடத்தில். ஒரு முதியவர் வாட்ஸ்அப் அழைப்பை எடுப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். திரை பூட்டியிருக்கும்போது அழைப்பு வந்தால் பச்சை வட்டத்தைத் தொட்டு மேலே தள்ள வேண்டும். பட்டன் போனில் பழகிய விரல் தள்ளாது, அழுத்தும். எடுக்கவில்லை என்றால் இன்னும் பலமாக அழுத்தும். அப்படியும் எடுக்காவிட்டால் நகத்தால் குத்தும். நகத்துக்குத் திரை அசையவே அசையாது. தொடுதிரை அழுத்தத்தை அளப்பதில்லை, தோல் படும் இடத்தில் ஏற்படும் மிக மெல்லிய மின் மாற்றத்தை உணர்கிறது. வயதானவர்களின் விரல் நுனி வறண்டிருப்பதால் அந்த உணர்வும் குறைகிறது. இதற்குள் மணி நின்றுவிடும். மூன்று முறை இப்படி நடந்தால் ‘இது எனக்கு ஒத்துவராது’ என்று மூடி வைத்துவிடுவார். அவருக்கு ஞாபகமோ புத்தியோ குறைவு என்று பிள்ளைகள் முடிவு கட்டுவார்கள். பாவம், குறைவாக இருந்தது விரலில் ஈரம்.

அதனால் முதல் பாடம் தள்ளுவது. ‘பச்சையைத் தொட்டு மெதுவாக மேலே தள்ளவும்’ என்று பெரிய எழுத்தில் எழுதி ஸ்டாண்டின் அடியில் ஒட்டிவிடுங்கள். பக்கத்தில் ஒரு ஈரத் துணி இருக்கட்டும், விரலை ஒற்றிக்கொண்டு தொடட்டும். நுனியில் ரப்பர் வைத்த தொடுதிரைப் பேனா நூறு இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும்; கை நடுக்கம் உள்ளவர்களுக்கு அது விரலைவிட நன்றாகக் கேட்கும். திரைப்பூட்டு, கடவுச்சொல், கைரேகை எதுவும் வேண்டாம். தொட்டுப் பிடிக்கும் நேரத்தை அமைப்புகளில் நீளமாக வையுங்கள். இல்லாவிட்டால் சற்று அழுத்தித் தொட்டாலே ஐகான்கள் இடம் மாறி, ஒரு நாள் வாட்ஸ்அப்பே காணாமல் போயிருக்கும். எழுத்தளவைப் பெரிதாக்குவது ஒரு அமைப்பு, திரையிலுள்ள எல்லாவற்றையும் பெரிதாக்குவது இன்னொரு அமைப்பு. இரண்டையும் செய்ய வேண்டும். மொழியைத் தமிழுக்கு மாற்றுங்கள்.

முகப்புத் திரையில் இருப்பதை எல்லாம் துடைத்தெடுங்கள். வாட்ஸ்அப்பில் ஒருவருடைய உரையாடலை முகப்புத் திரையில் தனி ஐகானாக வைக்கலாம். அதில் அவருடைய படமே தெரியும். உங்கள் முகம், அத்தையின் முகம், போட்டிம், புகைப்படங்கள். போதும். முகத்தைத் தொட்டால் உரையாடல் திறக்கும், பிறகு மேலே மூலையில் உள்ள சிறிய வீடியோ குறியைத் தொட வேண்டும். அந்த இரண்டாவது தொடுதல் பலருக்குப் பிடிபடாது. பிடிபடாவிட்டால் வற்புறுத்தாதீர்கள். பட்டன் போனிலிருந்து உங்களுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்கட்டும், நீங்கள் வீடியோவில் அழையுங்கள். அவருக்கு ஏற்கெனவே கைவந்த வித்தை அது.

ஒலி பற்றி ஒன்று. வயதில் முதலில் மங்குவது உயர்ந்த அதிர்வெண் ஒலிகள். பேசுவது கேட்கும், ஆனால் ச, த, ப என்று மெய்யொலிகள் பிரிந்து கேட்காது. ‘கேக்குது, புரியல’ என்று அவர்கள் சொல்வது அதைத்தான். சத்தத்தைக் கூட்டினால் இரைச்சலும் கூடும். ஏ9 வரிசையில் பழைய 3.5 மில்லிமீட்டர் துளை இருக்கிறது என்பது எனக்குப் பெரிய நிம்மதி. காதை முழுவதும் மூடும் ஒயர் ஹெட்போனைச் செருகினால் வேலை முடிந்தது. புளூடூத் கருவி என்றால் இன்னொன்றுக்குச் சார்ஜ் போட வேண்டும், இணைப்பு விட்டுப் போனால் அதற்கும் உங்களைத்தான் கூப்பிட வேண்டும். காதில் கருவி வைத்திருந்தால் ஹெட்போனோடு அது கீச்சிடுகிறதா என்று ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

அம்மா ஜன்னலைப் பார்த்து உட்காரும்படி டேப்லெட்டை வைக்க வேண்டும். ஜன்னல் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் இருந்தால் உங்களுக்குத் தெரிவது கறுப்பு நிழல்தான். சார்ஜர் எப்போதும் அங்கேயே செருகியிருக்கட்டும். பேட்டரியை 80 அல்லது 85 சதவீதத்தோடு நிறுத்தும் அமைப்பைப் போட்டுவிட்டால் அது ஊதிப் போகும் வாய்ப்பு குறையும். கும்பகோணத்தில் மின்சாரம் போனால் டேப்லெட் ஓடும், ரவுட்டர் அணைந்துவிடும். ரவுட்டருக்கென்றே 12 வோல்ட் மினி யுபிஎஸ் விற்கிறார்கள். உள்ளங்கை அளவுதான். வாங்கி மாட்டிவிடுங்கள்.

இப்போது மோசடி. தனியாக இருக்கும் முதியவருக்கு வீடியோ அழைப்பு எடுக்கக் கற்றுக்கொடுக்கிறீர்கள் என்றால், போலீஸ் உடையில் ஒருவன் திரையில் தோன்றினாலும் எடுக்கக் கற்றுக்கொடுக்கிறீர்கள். டிஜிட்டல் கைது என்ற பெயரில், வீடியோ அழைப்பிலேயே கைது செய்துவிட்டதாக மிரட்டி, ஓய்வூதியக்காரர்களின் சேமிப்பு முழுவதையும் கறந்திருக்கிறார்கள். 2024 அக்டோபரில் பிரதமரே வானொலி உரையில் எச்சரிக்கும் அளவுக்குப் போனது. அப்படி ஒரு கைது நம் சட்டத்திலேயே இல்லை என்பதை அம்மாவுக்கு ஒருமுறைக்கு இருமுறை சொல்லுங்கள். சொல்வதோடு நிற்காமல், வாட்ஸ்அப்பில் தனியுரிமை அமைப்புகளுக்குள் அழைப்புகள் என்ற இடத்தில், தெரியாத எண்களை ஒலியடக்கும் வசதியைப் போட்டுவிடுங்கள். தொடர்புகளில் இல்லாதவர் அழைத்தால் மணியே அடிக்காது. வேண்டியவர்கள் எண்களை எல்லாம் முதலிலேயே பதிந்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

வங்கி எண்ணைத் தனியே வைக்கச் சொன்னது இதற்காகத்தான். டேப்லெட்டில் வங்கிச் செயலி இல்லை, யுபிஐ இல்லை, ஓடிபி அங்கே வருவதுமில்லை என்றால், எவனாவது உள்ளே புகுந்தாலும் எடுத்துக்கொண்டு போக ஒன்றும் இருக்காது. தொலைவிலிருந்து திரையை இயக்கும் எனிடெஸ்க் போன்ற செயலியை வசதிக்காகப் போட்டுவைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். அதே செயலியை வைத்துத்தான் பணம் திருடுகிறார்கள் என்று ரிசர்வ் வங்கி 2019-இலேயே எச்சரித்தது. பட்டன் போனுக்கு வந்த ஒரு அழைப்பை நம்பி, அம்மாவே அதில் உள்ள எண்ணைப் படித்துச் சொல்லிவிட்டால் கதை முடிந்தது. போடாதீர்கள். வாட்ஸ்அப்பின் இருபடிச் சரிபார்ப்பு, அதாவது கணக்குக்கு நீங்கள் வைக்கும் ஆறு இலக்க ரகசிய எண், அவசியம். ஆனால் அது அவ்வப்போது அந்த ஆறு இலக்கத்தைக் கேட்டு வழிமறிக்கும். அம்மாவுக்கு மனப்பாடமான எண்ணாக வையுங்கள். பிறந்த தேதி வேண்டாம். ஏமாந்துவிட்டால் அழைக்க வேண்டிய 1930 என்ற எண்ணையும் அதே காகிதத்தில் எழுதிவிடுங்கள்.

தானாகவே அழைப்பை எடுக்கும் ஏற்பாடு செய்யலாமா என்ற கேள்விக்கு என் பதில் உங்கள் அம்மாவைப் பொறுத்தவரை வேண்டாம் என்பதே. அமேசானின் எக்கோ ஷோ என்ற, திரை வைத்த அலெக்சா கருவியில், அனுமதி பெற்றவர் அழைத்தால் எதிர்ப்புறம் யாரும் தொடாமலே படம் திறந்துவிடும். படுக்கையில் இருப்பவர்களுக்கும் மறதி நோய் முற்றியவர்களுக்கும் அது வரம். நடமாடும், சமைக்கும், கதவைத் திறந்து போட்டுக்கொண்டு புடவை மாற்றும் ஒரு பெண்மணியின் வீட்டுக்குள் பிள்ளைகள் நினைத்த நேரத்தில் எட்டிப் பார்ப்பதை நான் ஒப்பமாட்டேன். கேமராவுக்கு மூடி இருக்கிறது என்பார்கள். அதை மூடி வைக்க ஒருவர் நினைவில் வைத்திருக்க வேண்டும். அலெக்சாவுக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் கட்டளையிட வேண்டும். அதற்குப் பேட்டரியும் கிடையாது. பின்னாளில் அம்மாவால் எழுந்து நடமாட முடியாத நிலை வந்தால், அவர் சம்மதத்தோடு அப்போது யோசியுங்கள்.

டேப்லெட்டைக் கூரியரில் அனுப்பாதீர்கள். நீங்கள் ஊருக்குப் போகும்போது அம்மாவைக் கடைக்கு அழைத்துப் போய், காட்சிக்கு வைத்திருக்கும் மாடலில் அவர் விரல் வேலை செய்கிறதா, அவர் காதுக்குச் சத்தம் போதுமா என்று பாருங்கள். வாங்கிய அன்றே பக்கத்து அறையிலிருந்து நீங்கள் அழையுங்கள், எடுக்கட்டும், வைக்கட்டும், திரும்ப அழையுங்கள். ஊருக்குக் கிளம்பும் முன் மாடி வீட்டுப் பிள்ளையோ எதிர் வீட்டு மருமகளோ, யாராவது ஒருவருக்கு எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிடுங்கள். சிம் எண், ரீசார்ஜ் தேதி, கூகுள் கணக்கின் கடவுச்சொல் மூன்றும் உங்களிடமும் அண்ணனிடமும் இருக்கட்டும். கனமான உலோக ஸ்டாண்டை அதே பில்லில் சேர்த்து வாங்குங்கள். டேப்லெட்டோடு இலவசமாகத் தரும் மடிப்புக் கவரில் நிறுத்தினால், முதல் முறை பச்சையை மேலே தள்ளும்போதே பின்பக்கமாகச் சாய்ந்துவிடும்.